தைலம் தடவிய கிராஃபிக்ஸ் கார்டு

போன வருடம் ஐப்பசி மாதம், கொடைக்கானலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வாரம் முழுக்க நடந்த கூத்து இது. இப்போது நினைத்தால் சிரிப்புச் சிரிப்பாக வருகிறது. அந்த ஒரு வாரம் மட்டும் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

என் வீட்டுக்காரர் சுற்றுலா வருகிறவர்களுக்கு டாக்ஸி ஓட்டுகிறார். நான் வீட்டில் இருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். படம் பிடிப்பது வேறு ஆட்கள். அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மேகத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி காட்டுவது என் வேலை. வத்தலக்குண்டு, பெரும்பாறை, ஆடலூர் வரைக்கும் எனக்கு வாடிக்கை உண்டு. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கும்.

எடிட் செய்த வீடியோவை முழுப் படமாகச் சமைத்து எடுப்பதை ரெண்டர் என்போம். அதை வேகமாகச் செய்வதற்குக் கம்ப்யூட்டருக்குள் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். மதுரையில் ஒருவரிடம் பழைய கார்டு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தேன். "சும்மா வீட்டுல இருந்ததுதாங்க" என்று அவர் சத்தியம் செய்தார். அது அவர் வீட்டில் இரவும் பகலும் ஓய்வில்லாமல் உழைத்துக் களைத்த கார்டு என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் பெரும்பாறையிலிருந்து ஒரு கல்யாணம் கைக்கு வந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாமே. ராணுவத்தில் இருக்கிறார். மாப்பிள்ளை பார்த்தது, மண்டபம் பிடித்தது, சமையலுக்கு ஆள் சொன்னது எல்லாம் அவர்தான். கடைசியில் கல்யாணத்துக்கு அவருக்கே லீவு கிடைக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து பத்து நாள் லீவில் வந்தார். வந்த அன்றே அந்தப் பெண் எனக்கு ஃபோன் செய்தாள்.

"அக்கா, அண்ணன் வந்திருச்சுக்கா. ஃபோன்ல ஒரு போட்டோகூடப் பாக்க மாட்டேங்குது. எல்லாரும் சேந்து உக்காந்து வீடியோவாத்தான் பாப்பேன்னு சொல்லுது. ஞாயித்துக்கெழம காலையில கெளம்பிரும். அதுக்குள்ள குடுத்துருவீங்கள்ல?"

அடுத்த லீவு எப்போது என்று கேட்டேன். இனி ஒரு வருடம் ஆகுமாம். எல்லாம் முடிந்துவிட்டது, கடைசி மெருகு மட்டும்தான் பாக்கி என்று சொல்லிவைத்தேன். தையல்காரர்கள் காஜா மட்டும்தான் பாக்கி என்பார்களே, அந்த ரகப் பொய். உண்மை என்னவென்றால், மூன்று நாளாக அந்த வீடியோ முகூர்த்தத்தைத் தாண்டவே இல்லை.

பெண் அழைப்பு நன்றாக ஓடும். மாப்பிள்ளை குதிரை வண்டியில் வருவது நன்றாக ஓடும். தாலியைக் கையில் எடுத்ததும் திரையெங்கும் பச்சைக் கட்டம் கட்டமாக விழும். மணப்பெண்ணின் முகம் சதுரங்கப் பலகை மாதிரி ஆகும். அப்புறம் திரை இருண்டுவிடும். அந்த இடத்தில்தான் நான் ஆசை ஆசையாகப் பூமழை, மெதுவோட்டம், தங்கத் தூள் என்று இருப்பதையெல்லாம் கொட்டி வைத்திருந்தேன். கார்டுக்கு வேலை அதிகம். தனித்துண்டாக ஓட்டிப் பார்த்தாலும் அங்கேதான் நின்றது. பூமழையை எடுத்துவிடலாம்தான், எனக்கு மனசு வரவில்லை. கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பத்து நாள் ஆகும் என்று கம்ப்யூட்டர் காட்டியது. "ஜாதகம் பாத்துத்தான் கல்யாணம் பண்ணுனாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுப் போனார்.

தேடித் தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. கார்டின் நடுவில் இருக்கிற பெரிய சில்லுக்குத்தான் விசிறி. அதைச் சுற்றி எட்டு மெமரி சில்லுகள். ஓரத்தில், மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிற குட்டிக் குட்டிக் கறுப்புத் துண்டுகள் ஒரு வரிசை. இந்தச் சின்னவர்களுக்கு மேலே ஒன்றுமே இல்லை, மொட்டையாக வெந்துகொண்டிருந்தார்கள். மெமரியின் சூடு கொதிக்கிற தண்ணீரைத் தாண்டியிருந்தது.

இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் நம்பவில்லை. கொடைக்கானலில் ஒரு பொருள் சூடாகிறது என்றால் அது டீ மட்டும்தான் என்றார். அவரை மட்டும் சொல்லி என்ன, நானும் அப்படித்தான் நினைத்தேன். கீழே திண்டுக்கல்லில் இருக்கிறவர்கள் கம்ப்யூட்டருக்கு ஏசி போடுவார்கள், நமக்குத்தான் ஊரே ஏசி ஆயிற்றே என்று ஜன்னலை விரியத் திறந்து, கம்ப்யூட்டரை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தோம். பத்து நிமிடத்தில் மூடுபனி விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. திரையில் தண்ணீர் முத்து முத்தாக வழிந்தது. அலறி அடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தி, துண்டால் துடைத்து எடுத்தோம்.

பிறகு இணையத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் வழி காட்டினான். சின்னச் சின்ன ஹீட்சிங்க் கிடைக்கும், வாங்கி ஒவ்வொரு சில்லின் மேலும் ஒட்டு என்றான். ஹீட்சிங்க் என்றால் ஒன்றுமில்லை, சூட்டை இழுத்துக் காற்றில் விடுகிற அலுமினியக் கட்டி. சர்க்கரைக் கட்டி அளவில், மேலே சீப்புப் பல் மாதிரி இருக்கும். அடியில் சூடு கடத்தும் இரட்டைப் பசை டேப். இருபது உருப்படிக்கு ஆர்டர் போட்டேன், வியாழக்கிழமை கூரியரில் வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யார் சீப்பிலிருந்து உடைந்தது என்று கேட்டார்.

ஒட்டுவதற்கு முன் சில்லுகளைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான். எதைக்கொண்டு துடைப்பது என்று அவன் சொன்ன ஆங்கிலப் பெயர் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு புட்டி யூகலிப்டஸ் தைலம் இருக்கும். சளிக்கு அதுதான், மூட்டு வலிக்கு அதுதான், எறும்புக்கு அதுதான், புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பசையை எடுக்கவும் அதுதான். பஞ்சில் நனைத்து, எட்டுச் சில்லையும் ஓரத்து வரிசையையும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். பழைய அழுக்கு பளிச்சென்று போனது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஹீட்சிங்க்குகளை வரிசையாக ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது.

ரெண்டரைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். கால் மணி நேரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொரு 'டிங்'. கார்டு பெட்டிக்குள் சில்லுகள் கீழ் நோக்கித் தொங்குகிற மாதிரிதான் இருக்கும். சூடு ஏற ஏற ஹீட்சிங்க்குகள் வழுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெட்டியின் அடியில் விழுந்தன. ஆலங்கட்டி மழைதான். கூடவே வீடு முழுக்கத் தைல வாசம். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, யாருக்குச் சளி, ஆவி பிடிக்கிறீங்களா என்று கேட்டார்.

மறுபடி ஒட்டினேன், மறுபடி விழுந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க இதே சோலி. இன்ஸ்டன்ட் பசை போட்டு ஒரேயடியாக ஒட்டிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். பசைக் குழாயை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. கடைசியில் எனக்கே ஒரு யோசனை வந்தது. தையல் நூலை எடுத்து, ஹீட்சிங்க்குகளைக் கார்டோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். கட்டி முடித்து ஓட்டினேன். தாலி எடுத்தார்கள், பச்சைக் கட்டம் விழுந்தது, திரை இருண்டது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் அனுப்பிய இரண்டு மெசேஜுக்கு, பென் டிரைவில் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு அழுதேன்.

சனிக்கிழமை வெள்ளனே ஏழரை மணிக்குக் கதவு தட்டினார்கள். திறந்தால், ஒட்ட வெட்டிய முடியும் மப்ளருமாக ஓர் ஆள். வாங்கிட்டுப் போகலாமென்று வந்தேன், பெரும்பாறையிலிருந்து பைக்கில் வந்தேன் என்றார். அண்ணன்காரர் நேரிலேயே வந்துவிட்டார். ராத்திரியிலிருந்து கரண்ட் இல்லை தம்பி என்று வாயில் வந்ததைச் சொன்னேன். என் தலைக்கு மேலே டியூப் லைட் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். மூக்கை உறிஞ்சிவிட்டு, வீட்டில் யாருக்கும் உடம்புக்கு முடியவில்லையா என்று மட்டும் கேட்டார்.

அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முகூர்த்தம் தாண்டாதது, மெருகு பாக்கி என்று சொன்ன பொய், காப்பி ஆகிறது என்று போட்ட மெசேஜ், எல்லாவற்றையும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெசினைக் காட்டுங்கக்கா என்றார். ராணுவத்தில் அவருக்கு வேலையே வயர்லெஸ் பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதானாம்.

பெட்டியைத் திறந்து கார்டை வெளியே எடுத்தார். நூல் சுற்றியிருந்ததைப் பார்த்ததும் அவர் உதடு துடித்தது.

"என்னக்கா, கார்டுக்குத் தாயத்துக் கட்டி வச்சிருக்கீங்க?"

என் வீட்டுக்காரர் அதற்குச் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தம்பி நூலை அறுத்து ஹீட்சிங்க்கைத் தொட்டார். அது தானாகவே கையோடு வந்தது. சில்லின் மேல் விரலை வைத்து இழுத்து என்னிடம் நீட்டினார். விரல் நுனி மினுமினுத்தது. தைலம் காய்ந்துபோனதாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதன் பிசுக்கு அங்கேயேதான் இருந்தது. ஸ்டிக்கர் பசையைக் கரைக்கிற சரக்கு, நான் ஒட்டின டேப்பின் பசையையும் கரைக்காமல் விடுமா? இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் இருக்கிற இடத்தில் பனிக்கட்டிக்கு நடுவில்கூட வயர்லெஸ் பெட்டி சூடாகி நின்றுபோகுமாம். "வெளிய எவ்வளவு குளிர் இருந்து என்னக்கா, உள்ள இருக்க சூடு வெளிய வர வழி வேணும்ல" என்றார்.

பிறகு வீடு முகாம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரரை பஜாருக்கு விரட்டினார். அங்கே செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய், போர்டு துடைக்கும் ஸ்பிரிட் ஒரு குப்பியும், எல்.ஈ.டி விளக்குக்கு ஒட்டுகிற புது வெப்ப டேப் ஒரு சுருளும் கொடுத்தனுப்பினார். தைல விஷயத்தை அவரிடம் சொல்லாதீர்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் நான் பஜாருக்குப் போனபோது, சளி எப்படிம்மா இருக்கு என்று பாய் கேட்டார்.

தம்பி ஒவ்வொரு சில்லையும் ஸ்பிரிட்டால் மூன்று தரம் துடைத்தார். டேப்பை அளவாக வெட்டும் வேலை என் வீட்டுக்காரருக்கு. கோணலாக வெட்டினால் தம்பி திருப்பிக் கொடுத்தார், இவரும் மறுபேச்சுப் பேசாமல் மறுபடி வெட்டினார். எனக்கு அந்த மரியாதை இருபது வருடத்தில் ஒருநாள்கூடக் கிடைத்ததில்லை. ஒட்டிய ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு முப்பது எண்ண வேண்டும், அது என் பங்கு. ஓரத்து வரிசையை மட்டும் தம்பியே ஒட்டினார். அங்கே அலுமினியம் பக்கத்துத் துண்டின் கம்பிக் காலில் பட்டால் கார்டின் கதை முடிந்ததாம். இரண்டு நாளாக அந்தக் கட்டிகள் பெட்டிக்குள் தாறுமாறாக விழுந்துகொண்டிருந்தன. எரிந்துபோகாமல் தப்பித்தது என் நல்ல நேரம்தான்.

ஒட்டி முடித்து, டேப் பிடிப்பதற்காக ஒரு மணி நேரம் கார்டைப் படுக்க வைத்தோம். அப்போது தம்பி, ஹீட்சிங்க் மேல் காற்று ஓட வேண்டும், ஒரு டேபிள் ஃபேன் கொண்டு வாருங்கள் என்றார். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கொடைக்கானலில் ஃபேனுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் வீடு வீடாகக் கேட்டுப் போனார். ஐப்பசிக் குளிரில் ஃபேன் கேட்டு வந்த மனுஷனை எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் நெற்றியைத் தொட்டே பார்த்தார்களாம். கடைசியில், கீழே வெயில் ஊரான வத்தலக்குண்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அம்மா பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். சீதனமாக வந்த ஃபேன், பதினெட்டு வருடமாக பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. அது சுற்றுகிறதா என்று பார்க்க அந்த அம்மாவும் கூடவே வந்துவிட்டார். சுற்றியது. அவர் கண்ணில் அப்படி ஒரு பெருமை.

மதியம் ஒரு மணிக்கு ரெண்டரைத் தட்டினோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாங்கள், ஃபேன் காற்றில் கம்ப்யூட்டர். மூன்று மணி நேரம் என்று காட்டியது. என் வீட்டுக்காரர் சவாரிக்குப் போய்விட்டார். நீங்க உங்க வேலையப் பாருங்கக்கா, நான் சூட்டைக் கவனிச்சுக்கிறேன் என்று தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போனேன். காது மட்டும் முன்னறையிலேயே இருந்தது. ஒரு 'டிங்'கும் கேட்கவில்லை.

ரெண்டர் ஆகும்போது ஓரத்தில் சின்னக் கட்டத்தில் படம் ஓடும். சத்தம் இருக்காது, விட்டு விட்டு நகரும். இது எனக்குப் பழகிப்போனதால், அவர் கண்ணில் படுமே என்ற நினைப்பே வரவில்லை. காபி எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் பார்த்தேன். தாலி கட்டி முடிந்திருந்தது. பச்சைக் கட்டம் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அதற்குள் பொரியிடும் சடங்கு வந்துவிட்டது. பெண்ணின் கையில் அண்ணன் பொரி அள்ளிப் போட வேண்டும். இவர் இல்லாததால் சித்தப்பா மகன் நிற்கிறான். கையை நீட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி மண்டபத்து வாசலை ஒருதரம் பார்க்கிறாள். முகத்தில் வெளிச்சம் அழகாக விழுந்திருக்கிறதே என்று அந்தப் பார்வையை நான் மெதுவோட்டத்தில் நீட்டி வைத்திருந்தேன். அவள் எதைப் பார்த்தாள் என்று நான் யோசித்ததே இல்லை.

அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மப்ளரை வாயில் அழுத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் அந்த ஆறடி மனுஷன் அழுதார். நான் காபியோடு அப்படியே பின்வாங்கி அடுப்படிக்குப் போய், வேண்டுமென்றே நாலு பாத்திரத்தை உருட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தபோது முகம் கழுவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தைல வாசம் கண்ணில் எரிகிறது என்றார். எல்லாத் தைலத்தையும் அவரே காலையில் துடைத்து எடுத்திருந்தார். ஆமா தம்பி, எனக்கும் எரியுது என்றேன்.

"அந்த வாசலைப் பாக்குற இடத்தை மட்டும் எடுத்துராதீங்கக்கா" என்றார்.

நான்கு மணிக்கு முழுப் படமும் கையில் வந்தது. பென் டிரைவை உள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெரசாப் போகணும், எல்லாரும் காத்திருப்பார்கள் என்று மூடுபனிக்குள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். இதை முன்பே பார்த்ததாக வீட்டில் சொல்லாதீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் ஃபோன் செய்தாள். வீடியோ அவ்வளவு பிரமாதம், பூமழை வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள் என்றாள். நான் பூரித்துப் போனேன். பிறகு அவள் குரல் இறங்கியது.

"எங்க அண்ணனுக்குக் கல்லு மனசுக்கா. நான் அழுதேன், அம்மா அழுதாங்க, சித்தப்பாகூட அழுதாரு. அது மட்டும் முறுக்கைக் கடிச்சுக்கிட்டு எல்லாரையும் கேலி பண்ணிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலைக்கா. எனக்கு அதான் மனசு ஆறலை."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அம்மாவும் தங்கையும் தன்னால் அழக்கூடாது, தன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்த மனுஷன் அன்று பகலிலேயே எல்லாவற்றையும் இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போனார்? ஆம்பளைங்க அப்படித்தாம்மா, விடு என்றேன்.

அந்தக் கல்யாணத்துக்காக நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுக்குத்தான் எனக்கு வருத்தமில்லை. இப்போதெல்லாம் இன்னார் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று யாராவது குறை சொன்னால், பாவம், அவர் எந்த வீட்டு முன்னறையில் தனியாக உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு வந்தாரோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.